பச்சையம்மாவுக்கு எண்ணெய் நீவிய வருஷம்

1

ஹாமில்டனில் எங்களுக்கு இது ஏழாவது குளிர்காலம். ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் பனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பனி எப்போதோ பழகிவிட்டது. ஜன்னலை இழுத்துச் சாத்திக்கொண்டு மாசக்கணக்கில் உள்ளேயே இருப்பதுதான் இன்னும் பழகவில்லை. ஹீட்டரிலிருந்து ஓயாமல் வீசும் சூட்டுக் காற்றில் தோல் சாம்பல் பூத்து வெடிக்கிறது. பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு சத்தமும் வராது. கீழ் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்ததே எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

கீழ் வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம். கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். அந்தப் பெண்ணின் பெயர் சிவமலர். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயதுதான் இருக்கும். துணி துவைக்கும் அறையில் ஒருநாள் கையில் பச்சைக் குழந்தையோடு நின்றாள். என்னைப் பார்த்ததும், "அக்கா, பிள்ளைக்கு எண்ணெய் பூசி முழுகவாக்க உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். முழுகவாக்குவது என்றால் குளிப்பாட்டுவது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "இன்னாத்துக்குத் தெரியாம" என்று நான் சொன்னது அவளுக்குப் புரிய அதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஆனது. இரண்டு பேரும் தமிழ்தான்.

அன்றிலிருந்து காலையில் என் மகள் கவிதாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நான் வேலைக்குக் கிளம்பும் முன்பு கீழே இறங்கிப் போகிறேன். தரையில் பழைய கம்பளியை விரித்து, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் கிடத்தி நீவி விடுகிறேன். சிவமலரின் கணவன் ராத்திரி வேலை முடித்து அப்போதுதான் வந்திருப்பான். மேல் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்த ஊரில் பிள்ளை பிறந்தால் நகராட்சியிலிருந்து ஒரு நர்ஸ் வீடு தேடி வருவாள். நல்ல ஏற்பாடு. போன வாரம் வந்தவள், நான் எண்ணெயும் கையுமாக உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். நம் ஊரில் காலை உருவி விடுகிறோம், கையை உருவி விடுகிறோம் என்று சொல்வோம் இல்லையா, அதை என் இங்கிலீஷில் சொன்னேன். காலைப் பிடித்து இழுப்பேன், அப்புறம் கையைப் பிடித்து இழுப்பேன் என்று அர்த்தம் வந்துவிட்டது போலிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த அவள் பேனா நின்றது. சிவமலரின் முகம் வெளுத்துப் போனது. நான் வேறு வழி தெரியாமல் பிள்ளையின் தொடையிலிருந்து குதிகால் வரைக்கும் ஒருமுறை மெதுவாக நீவிக் காட்டினேன். பிள்ளை கொட்டாவி விட்டது. நர்ஸ் சிரித்துவிட்டுத் தன் கையை நீட்டி, தனக்கும் அதே மாதிரி செய்து காட்டச் சொன்னாள். செய்தேன். தலையாட்டிக்கொண்டாள்.

போகும்போது, "நீ இந்தக் குழந்தைக்கு என்ன உறவு? அத்தையா?" என்று கேட்டாள்.

இல்லை, மேல் வீடு என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. மாடிப்படி ஏறும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இதே கேள்வியை இதற்கு முன்பு ஜவ்வாது மலையில் ஒரு பெண் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

2

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் காவலூரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே வானாய்வுக் கூடத்துப் பட்டறையில் லேத் ஓட்டினார். தொலைநோக்கிக்கு வேண்டிய பித்தளை, இரும்புச் சாமான்களைக் கடைந்து கொடுக்கிற வேலை. எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். நான் கண்ணமங்கலத்தில் அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, நாலு மாதக் கைப்பிள்ளையாகக் கவிதாவைத் தூக்கிக்கொண்டு மலைக்குத் திரும்பியிருந்தேன்.

அந்த மலையில் வாழ்க்கை கொஞ்சம் தலைகீழ். ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்த்தவர்கள் பகலில் தூங்குவார்கள். அதனால் மற்ற ஊரில் பாத்திரமும் ரேடியோவுமாகச் சத்தம் கிளம்பும் காலை நேரத்தில் நாங்கள் அடக்கமாக இருப்போம். கதவை மெதுவாகச் சாத்துவோம். ஒருவரையொருவர் கூப்பிட வேண்டுமென்றால் கிட்டே போய்க் கூப்பிடுவோம். கவிதா அழுதால் எனக்கு உடம்பெல்லாம் பதறும். அவளுக்கு எண்ணெய் வைத்து நீவி, வெந்நீர் ஊற்றிவிட்டால் மூன்று மணி நேரம் அசையாமல் தூங்குவாள். என் அக்கா அவள் பிள்ளைகளுக்குச் செய்ததைப் பார்த்துப் பழகின கை. அவ்வளவுதான் என் படிப்பு.

ஒருநாள் காலையில் வேறொரு பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் புதைக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமிருந்து வந்தது. பசித்த பிள்ளை அழுது, பால் குடித்து ஓய்ந்துவிடும். இது ஓயவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் நான் கவிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

மரக்கிளையில் பழைய புடவையில் ஒரு தூளி. அதற்குள் கை முஷ்டியை இறுக்கி, முதுகை வில்லாக வளைத்து, நீலம் பாரித்த முகத்தோடு ஒரு பெண் குழந்தை. ஒன்றரை மாதம் இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தது. பள்ளத்துக்குள்ளிருந்து கடப்பாறையோடு ஒரு ஆள் ஏறி வந்தார். முப்பது வயது இருக்கும். மேஸ்திரி ஏற்கனவே சொல்லிவிட்டாராம், தூங்குகிறவர்கள் இருக்கிற இடம், நாளையிலிருந்து பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது என்று. நானும் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, நான் வாய் திறக்கும் முன்பே தூளியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் பெயர் சடையன். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன ஊர். கொஞ்சம் சாமை நிலம், நாலைந்து புளியமரம், மீதி நாளில் கூலி வேலை. மனைவி நல்லம்மா, பிள்ளை பெற்ற மூன்றாவது வாரம் காய்ச்சல் கண்டு, கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே இறந்துவிட்டாள். அண்ணன் மனைவி காளியம்மா தன் பிள்ளையோடு சேர்த்துக் காலையும் சாயந்திரமும் இதற்கும் பால் கொடுக்கிறாள். பகலில் ஆட்டுப்பால். முதலில் காளியம்மாவே பிள்ளையைச் சாமைக் கொல்லைக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். கீழே படுக்கவைத்திருந்தபோது எறும்பு கடித்து உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அவளுக்கும் மூன்று பிள்ளை, களையெடுப்பு வேறு. அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறம் சடையன் பிள்ளையைக் கண்ணில்படாத இடத்தில் விடுவதில்லை.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான், "குடுங்க, நீவி வுட்டுக் கொண்டாறேன், தூங்கும்" என்று மட்டும்தான் சொன்னேன்.

வீட்டு வாசலில் கவிதாவுக்காகத் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்திருந்தேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தேன். வைத்ததும் இன்னும் உரக்க அழுதது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். பிறகு நெஞ்சின் நடுவிலிருந்து இரண்டு தோளுக்கும், தோளிலிருந்து விரல் நுனிக்கும் நீவினேன். முஷ்டி திறக்கவில்லை. வயிற்றில் உள்ளங்கையை வட்டமாகச் சுற்றினேன். தொடையிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு கை விட்டதும் மறு கை பிடிக்கிற மாதிரி உருவினேன். உள்ளங்காலைக் கட்டைவிரலால் அழுத்தியபோது அழுகை விக்கலாக மாறியது. குப்புறத் திருப்பி முதுகை நீவுகிறபோது உடம்பு என் கால்மேல் ஈரத் துணி மாதிரி படிந்தது. பயத்தமாவு தேய்த்துத் தண்ணீர் ஊற்றித் துடைக்கும்போதே தூங்கிவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், முஷ்டி திறந்திருந்தது.

நிமிர்ந்தால் சடையன் வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கடப்பாறை கையிலேயே இருந்தது. என்னை நம்பாமல் பின்னாலேயே வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து வேலைக்கு வரும்போது பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். பெயர் பச்சையம்மா. முதலில் கவிதா, அப்புறம் பச்சையம்மா. சடையன் தினமும் வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்பார். பிள்ளையைக் குப்புறத் திருப்புகிற வரைக்கும் பார்த்துவிட்டுப் பள்ளத்துக்குப் போய்விடுவார். ஒருநாள்கூடத் தவறியதில்லை. எனக்குச் சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

3

கவிதாவுக்கு இப்போது ஒன்பது வயது. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் என்றால் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். பள்ளியில் நீச்சல் வகுப்பு இருக்கிறது. எண்ணெய் தேய்த்த பிள்ளைகள் இறங்கினால் எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறதாம், தேய்த்துக்கொண்டு வர வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அது நியாயம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவள் வாரம் முழுவதும் தப்பிக்கிறாள்.

தமிழ் புரிகிறது. பேசுவது குறைந்துகொண்டே வருகிறது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. எண்ணெய் என்கிற வார்த்தையை அவள் சொன்னால் யாரோ அன்னையைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. திருத்தினால் கோபம் வருகிறது. திருத்தாவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. வீட்டுக்காரர் விடு என்கிறார். அவர் பட்டறையில் நாளெல்லாம் இங்கிலீஷ் பேசிவிட்டு வந்து வீட்டில் வாயே திறப்பதில்லை. அவரிடமிருந்து அவள் எந்த பாஷையைக் கற்றுக்கொள்வாள்?

போன மாதம் குளிரில் அவள் முழங்கால் வெடித்து ரத்தம் கசிந்தது. அன்றைக்கு மட்டும் காலை நீட்டிக் கொடுத்தாள். புத்தகத்தைப் படித்துக்கொண்டே, "ஏம்மா எப்பவும் ஆயிலை மணிக்கட்டுல தொட்டுப் பாக்கறே?" என்று கேட்டாள். மணிக்கட்டு என்ற வார்த்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியம். அவள் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன், கை மரத்துப் போயிருக்கும், மணிக்கட்டுதான் சரியான சூட்டைச் சொல்லும் என்றேன். "ஓ" என்றுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். முழங்கால் ஆறியதும் மறுபடி தாழ்ப்பாள்.

4

பச்சையம்மாவுக்குச் சதை பிடிக்க இரண்டு மாதம் ஆனது. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கிண்ணத்தைப் பார்த்தால் காலை உதைப்பாள். தவழ ஆரம்பித்ததும் கவிதாவின் பின்னாலேயே வீடெல்லாம் சுற்றினாள். மழை பிடித்த நாளில் மேட்டு வழி வழுக்கும் என்று ராத்திரியும் என் வீட்டிலேயே தங்கினாள். சடையன் ஒரு கட்டு விறகோ, தேனோ, சாமை அரிசியோ கொண்டுவந்து வைப்பார். அவள் முதலில் "அம்மா" என்றது என்னைப் பார்த்துத்தான். கவிதா அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டுக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

ஒருநாள் காளியம்மா வந்தாள். அதுவரை நான் அவளைப் பார்த்ததில்லை. தலையில் புல்லுக்கட்டு. அதை வேலியோரம் இறக்கி வைத்துவிட்டு, கொழுகொழுவென்றிருந்த பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். அவளும் பால் கொடுத்தவள்தானே, முகம் மலர்ந்தது. பிறகு பிள்ளையை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"நீ இதுக்கு இன்னா ஆவணும்?"

நான் கவிதாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"கோச்சிக்காத. நாளைக்கி பெரிய மனுசி ஆவும். எந்த வூட்ல வளந்துதோ அந்த வூட்டுப் பொண்ணுன்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. அப்ப எங்காளுங்கள்ள யாரு வந்து கேப்பாங்க? நீயும் ஒங்காளுங்கள்ள கட்டிக் குடுக்க மாட்ட. அது எங்க போவும்?"

அவள் குரலில் சண்டை இல்லை. கணக்கு தெரிந்த பெண்ணாகத்தான் பேசினாள். எனக்குத்தான் சுருக்கென்றது. புல்லுக்கட்டைத் தூக்கிவிடச் சொன்னாள். தூக்கிவிட்டேன். போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கனடா பேச்சு வந்தது. கடைசல் வேலை தெரிந்தவர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டுக்காரர் விண்ணப்பம் போட்டிருந்தார். மெட்ராஸுக்கும் டெல்லிக்குமாகக் காகிதங்கள் போய்வந்தன. பிறந்த சான்று இல்லை என்று ஒரு தடவை, பெயரில் ஒரு எழுத்து இடிக்கிறது என்று ஒரு தடவை. மார்பில் படம் எடுக்க வேலூருக்கு இரண்டு தடவை போனோம். குழந்தைகள் பெயரை எழுதுகிற இடத்துக்கு வந்தபோது நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன், இரண்டு பெயராக எழுத முடியுமா, முறைப்படி தத்து எடுத்துக்கொண்டால் கூட்டிப் போகலாம் இல்லையா என்று. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நீ அவரக் கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லை. கேட்டால் மறுக்க மாட்டார் என்று நானே முடிவு செய்திருந்தேன். தாயில்லாத பிள்ளை, கூலி வேலை, மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் வருகிறவள் எப்படியோ. கொடுக்காமல் என்ன செய்வார் என்பதுதான் என் எண்ணம். அடுத்த நாள் பிள்ளையை விட வந்தபோது சொன்னேன். அங்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பால் என்று எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சொன்னேன். சடையன் கடப்பாறையை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டார். "யோசிச்சி சொல்றம்மா" என்றார்.

சாயந்திரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர் மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வேலைக்கும் வரவில்லை என்று மேஸ்திரி சொன்னார். நான் காலையில் பழக்கத்தில் இரண்டு பிள்ளைக்கான எண்ணெயை ஊற்றிவிட்டுப் பாதியைத் திரும்பப் புட்டியில் ஊற்றினேன். கவிதா வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரக் கடைசியில் என்னால் முடியவில்லை. கவிதாவைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினேன்.

அந்த ஊருக்குள் நான் அதுவரை போனதில்லை. புல் வேய்ந்த வீடுகள். எல்லாரும் கொல்லை வேலைக்குப் போயிருந்தார்கள். நாய் குரைத்ததற்குக்கூட ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. சடையன் வீடு எது என்று யாரைக் கேட்பது என்று நின்றபோது பச்சையம்மாவின் குரல் கேட்டது. அழுகை இல்லை. அவளுக்கே உரிய உளறல்.

வீட்டு முன்னால் வெயில் விழுகிற இடத்தில் சடையன் சாக்கை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே பிள்ளை. பக்கத்தில் வெந்நீர்ப் பானை, ஒரு கொட்டாங்கச்சியில் விளக்கெண்ணெய். நெஞ்சின் நடுவிலிருந்து இரண்டு தோளுக்கும், தோளிலிருந்து விரல் நுனிக்கும் நீவிக்கொண்டிருந்தார். வரிசை ஒன்றுகூட மாறவில்லை. ஆனால் உள்ளங்கையால் நீவவில்லை. கையை மடக்கி மணிக்கட்டின் உள்பக்கத்தால் நீவினார். பார்க்க வினோதமாக இருந்தது. முடங்கின கையால் செய்கிற மாதிரி.

என்னைப் பார்த்தார். எழுந்திருக்க முடியாது, கால்மேல் பிள்ளை. கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"உள்ளங்கை முள்ளாட்டம் கீதும்மா" என்றார். "கடப்பாற புடிச்ச கை. மொத நாள் நீவனப்ப நெஞ்சுல கோடு கோடா செவந்துபூட்ச்சி. அதான் இப்புடி."

நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். கவிதா நழுவி இறங்கிப் பச்சையம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. வயிற்றுக்கு வந்தார்.

"ஏன்ணா சொல்லாம இருந்துட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க கேட்டது கெடுதி இல்லம்மா. அங்க போனா நல்லா இருப்பா, தெரியும். ஆனா நான் குடுக்க மாட்டேன்." குதிகாலை உருவி முடித்துவிட்டுச் சொன்னார். "மாட்டேன்னு ஒங்க மூஞ்சப் பாத்து சொல்லணும்னா, என்னால செய்ய முடியுமான்னு நான் மொதல்ல பாத்துக்கணும் இல்ல. ஒங்ககிட்ட வுட்டுட்டு மாட்டேன்னு சொன்னா அது இன்னா பேச்சு. அதான் வேலைக்கிக்கூட போவாம நானே நீவிப் பாத்தேன். மொத ரெண்டு நாள் அழுது தீத்துட்டா. இன்னிக்கி அழல."

வேலிக்கு வெளியே அவர் தினமும் நின்றது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. என்னைக் காவல் காக்க நிற்கவில்லை. கற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

பிள்ளையைக் குப்புறத் திருப்பினார். முதுகை நீவி முடித்து, சொம்பை எடுக்க ஒரு கையை நீட்டியபோது பிள்ளை சரியப் பார்த்தது. அந்த ஒரு இடத்தில் அவருக்கு இன்னும் கை பழகவில்லை.

"தண்ணிய நான் ஊத்தட்டுமா?" என்றேன்.

"ஊத்துங்கம்மா" என்றார்.

ஊற்றினேன். அதுதான் அவளுக்கு நான் கடைசியாக ஊற்றிய தண்ணீர்.

அன்றைக்கு மேடு இறங்கும்போது அழுதேன். அவர் மேல் கோபம்கூட வந்தது. அவர் செய்தது சரி என்று தெரிந்த பிறகும் கோபம் போகச் சில வாரம் ஆனது. அதன் பிறகும் நாங்கள் கிளம்புகிற வரைக்கும் சடையன் வேலைக்குப் போகிற வழியில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு வேலியோரம் ஒரு நிமிஷம் நிற்பார். நான் தூக்கிக் கொஞ்சுவேன். தலையில் விளக்கெண்ணெய் வாசனை அடிக்கும். குளித்து முடித்துத்தான் வந்திருப்பாள். பகலில் பள்ளத்தோரம் தூளியில் தூங்குவாள். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் சத்தமே இல்லை.

5

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல்முறையாக விடுமுறையில் ஊருக்குப் போனோம். கண்ணமங்கலத்தில் அம்மா வீட்டில் தங்கி, ஒருநாள் மூன்று பேரும் பஸ் பிடித்துக் காவலூர் போனோம். ஆடி மாதம். சாமைக் கொல்லைகள் பச்சையாக இருந்தன. கவிதாவுக்கு அப்போது ஏழு வயது. காய்ச்சின தண்ணீர்ப் புட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெள்ளை ஷூவில் மண் படாமல் நடக்கப் பார்த்துக்கொண்டே மேடு ஏறினாள்.

சடையன் தலையில் கொஞ்சம் நரை. மறு கல்யாணம் ஆகியிருந்தது. அந்தப் பெண் எங்களுக்குப் பாய் விரித்துவிட்டு மோர் கொண்டுவந்தாள். காளியம்மாவும் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் வருவது தெரியாது என்பதால் பச்சையம்மா வீட்டில் இல்லை. ஆடு ஓட்டப் போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் தம்பியோடு ஓடிவந்தாள். ஒல்லியாக, உயரமாக, முன்பல் இரண்டு விழுந்து, காலில் சிராய்ப்போடு. எங்களைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இவுங்கதான் ஒன்னிய நீவி வுட்ட அம்மா" என்றார் சடையன்.

"இன்னாத்துக்கு?" என்றாள் அவள்.

"நீ அழுதுனே இருந்த. அதுக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இந்தத் தகவல் அவளுக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறதா, இப்போதுதான் கேட்கிறாளா என்று தெரியவில்லை. "நான் ரெண்டாங்கிளாஸ்" என்றாள். தம்பியை அப்பாவிடம் இறக்கிவிட்டுக் கவிதாவின் ஷூவைத் தொட்டுப் பார்த்தாள். ஆடு பாக்கிறியா என்று கேட்டாள். கவிதா என்னைப் பார்த்தாள். போ என்றேன். இரண்டு பேரும் போனார்கள். ஒருத்தி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, மற்றவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு.

"ஒம் பொண்ணு நம்ம பேச்சு பேசாதா?" என்று காளியம்மா கேட்டாள். வெட்கமாக இருந்தது. பேசுவாள், கூச்சம் என்றேன்.

சடையன் மகனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு ஆட்டுக் கொட்டிலைப் பார்த்தார். கூட்டிப்போயிருந்தால் இவள் அங்கே எப்படி இருந்திருப்பாள் என்று கேட்டார். குத்திக் காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் கொட்டில் பக்கம் பார்த்தேன். பச்சையம்மா ஒரு குட்டியைப் பிடித்து நிறுத்திக் கவிதாவின் கையை எடுத்து அதன் முதுகில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலண்ணா" என்றேன். அதைத் தவிர வேறு எதைச் சொன்னாலும் பொய்யாக இருந்திருக்கும். அவர் தலையாட்டினார்.

கிளம்பும்போது பச்சையம்மா எங்களோடு மேடு வரைக்கும் வந்தாள். நான் அவள் தலையைத் தொட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டு நழுவி ஓடிவிட்டாள்.

கடைசி பஸ்ஸில் நல்ல கூட்டம். வீட்டுக்காரருக்கு முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட் கிடைத்தது. நானும் கவிதாவும் பின்னால் உட்கார்ந்தோம். வளைவுகளில் இறங்கும்போது கவிதா ஷூவிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தாள். அவளுக்கு எங்கள் பேச்சு எவ்வளவு புரிந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் புரிந்திருந்தது.

"அம்மா, அவ என் சிஸ்டரா இருந்தாளா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தா."

"அப்புறம் ஏன் அவளை விட்டுட்டுப் போனோம்?"

"நாம விட்டுட்டுப் போகலை. அவ அப்பா விடலை."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆலங்காயம் தாண்டியதும் மறுபடி என் பக்கம் திரும்பினாள். "என்னை யாராவது கேட்டா, நம்ம அப்பா விடுவாரா?"

"அவரையே போய்க் கேளு" என்றேன்.

எழுந்தாள். சீட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்குள் புகுந்து முன்னால் போனாள். அவர் காதருகே குனிந்து ஏதோ கேட்டாள். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னார் என்று என்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மடியிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, நகர்ந்து ஜன்னலோரம் அவளுக்கு இடம் விட்டார். ஒடுகத்தூர் வரும் வரைக்கும் அவள் என்னிடம் திரும்பி வரவில்லை.